நாதஸ்வரக் கச்சேரிக்குப் போனால் பக்கவாட்டுக் கதவை விடாதீர்கள்: ஒரு சபா மதிப்புரை

மார்கழியில் பிள்ளைகளை எந்தக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாம் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், இனி யோசிக்காமல் பதில் சொல்வேன். நாதஸ்வரத்துக்குப் போங்கள். முடிந்ததும் கேண்டீனுக்கு ஓடாமல் மேடையின் பக்கவாட்டுக் கதவுக்குப் போங்கள். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் எங்கள் குடும்பம் கழித்த மாலைப் பொழுதைப் பற்றிய மதிப்புரை இது. சபாவின் பெயரை எழுதவில்லை. கீழே வரும் குறைகளில் பாதி வேறு பல சபாக்களுக்கும் பொருந்தும். வித்துவானின் பெயரும் வராது. கடல் கடந்து வாசித்தவர், விருதுகள் வாங்கியவர், வானொலியில் அவர் பெயரைச் சொன்னால் என் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். உள்ளறையில் எங்களிடம் பேசியதை அவர் ஊருக்குச் சொல்வதற்காகப் பேசவில்லை.

நான் இசை கற்றவள் இல்லை. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே மதிப்பெண்களைக் கொஞ்சம் கறாராகத்தான் போட்டிருக்கிறேன்.

போனவர்கள் ஐந்து பேர்: நான், கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு மகன், நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார். அத்தைக்குச் சொந்த ஊர் பூந்தோட்டம். திருவீழிமிழலைப் பக்கம். நாதஸ்வரத்தைக் கோயில் வீதியில் நின்று கேட்டு வளர்ந்தவர் என்பதால், சென்னைக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் சபாவில் அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "சுவாமி இல்லாத இடத்தில் மேளம் எதற்கு?" என்பது அவர் கட்சி. இந்த முறை பத்திரிகையில் வித்துவானின் பெயரைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டார்.

சீசனை நாதஸ்வரத்தோடு தொடங்குவது சென்னைச் சபாக்களின் வழக்கம். மங்கல இசை என்று அழைப்பிதழில் போடுவார்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி இலவசம். இங்கே ஆளுக்கு 200 ரூபாய். பிள்ளைகளுக்கும் அதே விலை. இதில் எனக்கு வருத்தம் இல்லை. இலவசம் என்றால் கூட்டம் வரும், ஆனால் தவில் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போய்விடும். காசு கொடுத்தவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்களும் எழுந்துதான் போனார்கள். டிக்கெட் கவுண்டரில் ரொக்கம் மட்டும். பூக்காரம்மாவே கைப்பேசியில் பணம் வாங்கும் ஊரில், சபா ஆபீசில் சில்லறை இல்லை என்று ஐந்து டிக்கெட்டுக்கு 1,000 ரூபாயைச் சரியாக எண்ணித் தரச் சொன்னார்கள்.

அரங்கம் பழையது, நாற்காலிகள் புதியவை. கால் நீட்ட இடம் உண்டு. அத்தையின் முழங்காலுக்கு அது பெரிய வரம். படிக்கட்டில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது; முதியவர்களோடு போகிறவர்கள் வலது பக்கமாக ஏறுங்கள். பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் மாமியாரை உள்ளே அழைத்துப் போய் வந்தேன். இசை கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று தெரிந்தும் ஒரு பல்பு மாற்ற மனம் வராத நிர்வாகத்தை என்ன சொல்வது.

இனி ஒலி. இந்தச் சபாவின் பெரிய குறை இதுதான். நாதஸ்வரம் தேரடியில் வாசித்தால் நான்கு வீதிக்கும் கேட்பதற்காகவே பிறந்த வாத்தியம். தவிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நானூறு ஐந்நூறு பேர் உட்காரும் மூடிய அரங்கில், இந்த இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கு ஒன்றும் இரண்டுமாக மைக்குகளை நட்டு, ஒலிபெருக்கியைப் பாட்டுக் கச்சேரிக்கு வைக்கும் அளவில் வைத்திருந்தார்கள். முதல் ஊதலிலேயே மகன் காதைப் பொத்திக்கொண்டான். மூன்றாம் வரிசையிலிருந்து பதினைந்தாம் வரிசைக்கு இடம் பெயர்ந்தோம். அங்கே கேட்டது நன்றாகவே இருந்தது. ஆக, நாதஸ்வரத்துக்கு முன்வரிசை டிக்கெட் வாங்காதீர்கள். விலை ஒன்றுதான், காது உங்களுடையது.

கச்சேரியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். கம்பீர நாட்டையில் மல்லாரியோடு தொடங்கினார்கள். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது வாசிப்பது. முதல் சுற்றிலேயே அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சின்னச் சின்ன உருப்படிகள் சில. நடுவில் தோடி ராக ஆலாபனை. ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த வாத்தியத்தில் தோடியை வாசித்துவிட்டுப் போனதிலிருந்து, அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் கேட்பவர்கள் ஒப்பிடத்தான் செய்கிறார்கள். எனக்கு ஒப்பிடத் தெரியாது. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஒரு ஸ்வரத்தில் நிற்கிறார் என்று மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும். அவள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். வரும் வழியெல்லாம் கைப்பேசியை விட்டுத் தலை நிமிராதவள்.

தோடி நன்றாகச் சூடு பிடித்த இடத்தில் நிர்வாகி ஒருவர் மேடையேறிவிட்டார். சிறப்பு விருந்தினர் வேறு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, நான்கு பேர் பேச்சு. வித்துவான் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஊதுவதற்கு முனையில் பொருத்தும் நாணல் துண்டான சீவாளியை வாயில் ஈரம் காயாமல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பேசியவர்களில் ஒருவர் அவரை வேறொரு ஊர்க்காரர் என்று அறிமுகம் செய்தார். பாராட்டு எல்லாம் முடிந்து மறுபடி தோடியை எடுத்தபோது மீதி நேரம் அரை மணி. அதில் இரண்டு தவிலுக்கும் தனி, பிறகு ஒரு காவடிச் சிந்து, மங்களம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நாதஸ்வரத்துக்கு மரியாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1956-இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998-இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கிடைத்திருக்கிறது. பட்டம் தருகிறார்கள், பொன்னாடை போடுகிறார்கள், நேரம்தான் தருவதில்லை. சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு நாதஸ்வரம் எத்தனை நாள் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கேண்டீன்: கீரை வடை நன்று, காபி சுமார், ரவா தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு வர்ணம் கேட்டுவிடலாம். கணவர் தனி ஆவர்த்தனத்தின்போதே அங்கே போய்விட்டதால் விவரங்கள் அவர் உபயம்.

இப்போது பக்கவாட்டுக் கதவு.

திட்டம் எதுவும் இருக்கவில்லை. மங்களம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அத்தை, "அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு எங்களுக்காகக் காத்திராமல் மேடைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். கதவருகே சபாவின் அடையாள அட்டை மாட்டிய இளைஞர் ஒருவர். உள்ளே முக்கியப் பிரமுகர்கள் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்றார். யார் அந்தப் பிரமுகர்கள் என்று பிறகு பார்த்தேன்: பொன்னாடை போட்ட நால்வரில் இருவர், காபிக்காக. அத்தை அந்த இளைஞரிடம் சண்டை போடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "நான் பூந்தோட்டத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் உள்ளே சொல் தம்பி" என்றார். அது முழுப் பொய் இல்லை. அங்கிருந்து வந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "பூந்தோட்டமா? வரச் சொல்லுங்கள்."

உள்ளறை என்று பெயர், பாதி சாமான் அறை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மடக்கு மேசை, சுவரில் நிலைக்கண்ணாடி, ஓடாத மின்விசிறி. வித்துவான் ஒரு நாற்காலியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் பார்த்தபோது இருந்ததைவிடச் சிறிய உருவம். உதடுகளில், சீவாளி உட்காரும் இடத்தில், சிவந்து தடித்திருந்தது. அத்தையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அத்தை உட்கார்ந்தார். வணக்கம், நலமா, எதுவும் இல்லை.

"தம்பி, மல்லாரியை ஏன் அப்படிக் கத்தரித்துவிட்டீர்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் என் கையைக் கிள்ளினாள். வித்துவான் மட்டும் சிரித்துவிட்டார். "ஊரில் சுவாமி வாசலைத் தாண்டும்வரை வாசிக்கலாம் அம்மா. இங்கே சுவாமி புறப்படுவதில்லை, அடுத்த கச்சேரிக்காரர் புறப்பட்டு வந்துவிடுகிறார்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. எந்தக் கோயிலில் எந்த நாள் திருவிழா, எந்தத் திருப்பத்தில் மேளம் நின்று வாசிக்கும், யார் வீட்டுத் திண்ணையில் மேளக்காரர்களுக்கு மோர் கொடுப்பார்கள் என்று போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மகன் மேசையருகே நகர்ந்துவிட்டான். அங்கே நாதஸ்வரம் ஒரு துணிமேல் படுத்திருந்தது. அதிலிருந்து நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பொருள்கள்தான் அவன் கண்ணை இழுத்தவை.

"இதெல்லாம் என்ன தாத்தா? சாவிக் கொத்தா?"

பிரமுகர்களில் ஒருவர், "டேய், தொடாதே" என்றார். வித்துவான், "கேட்கட்டும்" என்று சொல்லி வாத்தியத்தை எடுத்து அவன் கையிலேயே நிற்க வைத்தார். இரண்டரை அடி. அவன் இடுப்புக்கு மேல் வந்தது. தொங்கிக்கொண்டிருந்தவற்றில் இரண்டு மாற்றுச் சீவாளிகள், ஓர் ஊசி. ஊசி சீவாளியின் வாயைத் திறந்து சரிசெய்ய. முன்பெல்லாம் யானைத் தந்தத்தில் இருக்குமாம். தந்த வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு இவருடையது மாட்டுக் கொம்பு. வாத்தியத்தில் பொருத்தியிருந்த சீவாளியைக் கழற்றி, டம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்திக் காட்டினார். காவிரிக் கரை நாணல். திருவாவடுதுறையில் இதைச் செய்வதற்கென்றே குடும்பங்கள் உண்டு. குளிர்சாதன அரங்குகளில் இது சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது என்றும், அதனால்தான் பேச்சு நடந்தபோது வாயைவிட்டு எடுக்கவில்லை என்றும் சொன்னார். அவ்வளவு நேரம் நான் அதை மேடைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் துளைகளை எண்ணினான். மேலே ஏழு. கீழே இன்னும் சில இருக்கின்றனவே, அவற்றுக்கு விரல் போதாதே என்றான். அந்த ஐந்தையும் விரல் தொடாது. மெழுகு வைத்து அடைத்தோ திறந்தோ சுருதியைச் சரிப்படுத்துவதற்காக இருப்பவை என்று விளக்கினார். பிறகு தன் பையிலிருந்து விளிம்பு வெடித்த பழைய சீவாளி ஒன்றை எடுத்து, கழுவி, அவனிடம் கொடுத்து ஊதச் சொன்னார். கன்னம் உப்பியதுதான் மிச்சம். "கன்னத்தில் காற்றை வைக்காதே தம்பி, வயிற்றிலிருந்து வர வேண்டும்" என்று அவன் தொப்புளுக்கு மேலே ஒரு விரலால் தொட்டார். அடுத்த முறை வாத்து கத்தியதுபோல ஒரு சத்தம் வந்தது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மகளுக்குப் பொறாமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பாட்டு கற்றுக்கொள்பவள் என்ற உரிமையோடு, உங்கள் சுருதி எத்தனை கட்டை என்று கேட்டாள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டரை என்றார். பழைய காலத்துத் திமிரி நாதஸ்வரம் இதைவிடக் குட்டை, நான்கு ஐந்து கட்டைச் சுருதியில் ஊதுவார்கள். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கையிலெடுத்த பிறகு எல்லோரும் பாரிக்கு வந்துவிட்டோம் என்றார். பெரியவர்களிடம் சொல்வதைப் போலவே அவளிடமும் சொன்னார். குரலில் குழந்தைப் பேச்சு இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது.

மர விஷயம் எப்படி வந்தது என்று நினைவில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஆச்சா மரத்தில்தான் செய்வார்கள், அதுவும் புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் வேண்டும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரமாக இருந்தால்தான் வெடிக்காது, நாதமும் பேசும். இதைக் கேட்டதும் அத்தை கொஞ்சம் சும்மா இருந்தார்.

"எங்கள் வீட்டை இடித்தபோது உத்தரத்தையெல்லாம் ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே போயிற்றோ என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் ஊதிக்கொண்டிருக்கிறார்களோ."

"என்னிடமே இருந்தாலும் இருக்கும் அம்மா" என்றார் வித்துவான்.

அத்தை கையை நீட்டி வாத்தியத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "உத்தரத்தில் எறும்பு அதிகம்" என்றார்.

தவில் வித்துவான்களில் மூத்தவர் அதுவரை பேசாமல் மூலையில் உட்கார்ந்து விரல் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து பார்த்தால் விரலில் கட்டுப் போட்டிருப்பதாகத்தான் தோன்றும். துணியைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது. வலது கை விரல்களுக்குக் கூடு, இடது கைக்குக் கழி. ஒன்றை மகளிடம் கொடுத்தார். மேசைமேல் தட்டிப் பார்த்தாள்; கல்லைத் தட்டியதுபோல் ஒலித்தது. அவருடைய விரல் நுனிகள் நாள் முழுதும் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. வலிக்காதா என்று கேட்டாள். "வாசிக்காத நாளில் வலிக்கும்" என்றார். அருகில் தாளம் போட்ட பையன், பி.காம். படிக்கிறானாம், சுருதிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். போர்த்திய பொன்னாடைகளை எல்லாம் அவன்தான் ஒரு துணிக்கடைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். வித்துவான் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கும் நேரத்தில் அத்தை, நீலாம்பரி ராகம் வாசிக்கவில்லையே என்றார். அவர் ஊர்க் கோயிலில் இரவில் பள்ளியறைச் சேவைக்கு வாசிப்பார்களாம். மாலை நேரத்துச் சபாவில் நீலாம்பரி வாசித்தால் தூங்கிவிடுவார்கள் என்று வித்துவான் வேடிக்கையாகச் சொன்னார். எங்கள் பக்கத்து வரிசையில் வாசிக்காமலே தூங்கினார்கள் என்று நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. மேடையில் அடுத்த கச்சேரிக்கு வயலின் சுருதி சேர்க்கும் ஒலி கேட்டது. அந்த அறையில் வாத்தியத்தை ஊதினால் அரங்கம் அதிரும். எனவே பாடினார். குரல் கரகரப்பு. மைக் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. தவில்காரர் வெறும் விரலால் நாற்காலியின் கையில் தாளம் வைத்தார். நாதஸ்வர வித்துவான்கள் முதலில் பாடக் கற்றுக்கொண்டுதான் வாத்தியத்துக்கு வருவார்கள் என்று மகளின் பாட்டு வாத்தியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேடையில் இரண்டு மணி நேரத்தில் கேட்காத கமகங்களை, ஸ்வரங்களின் நுட்பமான அசைவுகளை, இரண்டு நிமிடத்தில் கேட்டேன், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். மேடையில் அவை இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தேய்த்து ஒரே உயரமாக்கிவிட்டது.

மைக்கைப் பற்றி நான் கேட்டேன். இல்லாமலே வாசிக்கலாமே என்றேன். "சொல்லலாம். மைக்காரர் வருத்தப்படுவார்" என்றார். இதற்குமேல் அவர் வாயிலிருந்து குறை ஒன்றும் வரவில்லை.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து, கேளாமல் கொள்ளாமல் வித்துவானின் தோளில் கை போட்டு மூன்று படம் எடுத்துக்கொண்டு போனார். கணவரும் கீரை வடைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். ஒரு வடையை வித்துவான் எடுத்துக்கொண்டார், எண்ணெய் உதட்டுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே. நாங்கள் படம் எதுவும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று மகள் இன்றும் முணுமுணுக்கிறாள்.

ஆக, மதிப்பெண். இசைக்கு ஐந்துக்கு ஐந்து. இருக்கை நான்கு. ஒலி ஒன்று, அதுவும் பதினைந்தாம் வரிசையின் புண்ணியத்தில். நிகழ்ச்சி ஒழுங்கு ஒன்றரை. கதவருகே நின்ற இளைஞருக்குத் தனியாக மூன்று. கடைசியில் உள்ளே போய்க் கேட்டுச் சொன்னாரே. உள்ளறைக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. அங்கே சபா செய்தது எதுவும் இல்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. ஆனால் 1,000 ரூபாயில் 700 ரூபாய்க்குக் குறையாமல் அந்த அறையிலிருந்துதான் திரும்பி வந்தது.

இதைப் படித்துவிட்டு ஏதாவது சபா, கலைஞரோடு கால் மணி நேரம், ஆளுக்கு 500 ரூபாய் என்று தனி டிக்கெட் போட்டுவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் மல்லாரியைக் கத்தரித்தது ஏன் என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். தோளில் கை போடுகிறவர்கள் மட்டும் வருவார்கள். மின்விசிறியை ஓட வைத்து, நாலு நல்ல நாற்காலி போட்டு, வாசிப்பவர் சரி என்றால் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டால் போதும்.

பிள்ளை நாதஸ்வரம் கற்க வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கிறார்கள், மூன்றாண்டுப் படிப்பு. பழனியில் கோயில் சார்பில் இதற்கென்றே பயிற்சிப் பள்ளி நடக்கிறது. என் மகனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. வெடித்த சீவாளியை வித்துவான் அவனுக்கே கொடுத்துவிட்டதால், விடியற்காலையில் அதை ஊதுகிறான். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். அத்தைதான் அவரைச் சமாளித்தார்.

சபாவின் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். ஒலி, பாராட்டு நேரம், கழிப்பறை விளக்கு, உள்ளறை மின்விசிறி என்று வரிசையாக. மரியாதையான பதில் வந்தது. கழிப்பறை விளக்கை மாற்றிவிட்டார்களாம். பாராட்டு நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நன்கொடையாளர் பட்டியலும் அடுத்த ஆண்டுச் சந்தாப் படிவமும் உடன் இணைக்கப்பட்டிருந்தன.